தெருவுக்குத் தெரியாமல் ஒரு வேண்டுதல்

என் வீட்டுக்காரரால் ஒரே மூச்சில் ஒன்பது வரைக்கும்தான் எண்ண முடிந்தது. பத்து வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். இருபது வருடமாக ஆட்டோ ஓட்டுகிறவர். செங்கம் ரோட்டில் அவர் குரல் கேட்டாலே ஆள் வருவது தெரியும். அந்த மனுஷன் ஒன்பதோடு நின்றுபோனார்.

கொரோனா இரண்டாவது அலை எல்லாரையும் புரட்டிப் போட்ட மே மாதத்தில் நடந்தது இது. அண்ணாமலையாரை நம்பி இருக்கும் உங்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. நான் கேட்டதை அவர் கொடுத்தார். நான் கேட்ட மாதிரி கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தேன். ஆசிரமத்துப் பக்கம், செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சின்னத் தெருவில் வீடு. வீட்டுக்காரர் பெயர் ஏழுமலை. ஒரே மகள், கட்டிக் கொடுத்து ஓசூரில் இருக்கிறாள்.

கொரோனாவுக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியில் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஊரடங்கு வந்தது, விடுதியை மூடிவிட்டார்கள். பிறகு தெரிந்தவர் மூலமாக ஒரு போன் வேலை கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே நம் மாவட்டத்து ஜனங்களுக்கு போன் போட வேண்டும். கொரோனா பற்றி என்ன நினைக்கிறீர்கள், தடுப்பூசி போட்டுக்கொள்வீர்களா, பயமாக இருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று வரிசையாகக் கேள்வி கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும். எனக்கு வாய் ஜாஸ்தி. வாய்க்கு ஏற்ற வேலை என்று ஏழுமலை கிண்டல் செய்வார்.

அந்த வேலையில் சில விதிகள் உண்டு. கேள்வியை எழுதியிருக்கிறபடியே படிக்க வேண்டும். நம் கதையைச் சொல்லக் கூடாது. பேசுவது பதிவாகும், அதனால் பின்னால் எந்தச் சத்தமும் கேட்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

போனில் ஒன்றைக் கவனித்தேன். "உங்கள் பகுதியில் தொற்று வந்தவர்களை மற்றவர்கள் ஒதுக்கி வைக்கிறார்களா?" என்று ஒரு கேள்வி வரும். நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்டிருப்பேன். "சேச்சே, எங்க ஊர்ல அப்பிடியெல்லாம் கிடையாதுங்க" என்றுதான் அநேகமாக எல்லாரும் சொல்வார்கள். நானும் "இல்லை" என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன். என் தெருவில் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியும். என்னை யாரும் அந்தக் கேள்வி கேட்கவில்லை, கேட்டிருந்தால் நானும் சேச்சே என்றுதான் சொல்லியிருப்பேன்.

மறுபடியும் முழு ஊரடங்கு வருவதற்கு முந்தின வாரம் ஏழுமலை நாலைந்து சவாரி போனார். வியாழக்கிழமை சாயங்காலம் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. மறுநாள் சாப்பாட்டில் ருசி தெரியவில்லை என்றார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டே நான் செய்த முதல் காரியம், வாசல் கதவைத் தாழ்ப்பாள் போட்டதுதான்.

சிரிக்காதீர்கள். அதற்கு முந்தின வருடம் எங்கள் தெருவில் தொற்று வந்த ஒரு வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடினார்கள். அந்த வீட்டைப் பற்றித் தெரு பேசிய பேச்சு எனக்குத் தெரியும். தெரு என்று ஏன் சொல்ல வேண்டும், அதில் பாதி என் வாயிலிருந்து வந்த பேச்சு. இப்போது அதே பேச்சு என் வீட்டைப் பற்றி வரும். டெஸ்ட் எடுக்கப் போனால் பெயர் எழுதுவார்கள், பெயர் எழுதினால் ஆள் வருவார்கள், ஆள் வந்தால் தெரு கூடும். அதனால் டெஸ்ட் வேண்டாம் என்று நானே முடிவெடுத்தேன். பேருந்து நிலையம் தாண்டி என்னைத் தெரியாத மருந்துக்கடைக்கு நடந்து போய்க் காய்ச்சல் மாத்திரை வாங்கி வந்தேன். ஓசூரில் இருக்கிற மகளிடம்கூட அப்பா தூங்குகிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை இருமல் ஆரம்பித்தது. இருமலை எப்படி மறைப்பது? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு வயசு என்பார்கள், அவ்வளவு நெருக்கமான சுவர்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சாமி பாட்டு போட்டேன். ஸ்பீக்கரை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்து, காலையில் எழுந்ததிலிருந்து நமசிவாய நாமத்தை ஓட விட்டேன். அவர் இருமும்போது ஓடிப் போய்ச் சத்தத்தைக் கூட்டுவேன். அடங்கினதும் குறைப்பேன்.

நம் ஊரில் சாமி பாட்டை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? பக்கத்து வீட்டு கோமதியம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "செல்வி, உங்க வூட்டுப் பாட்டுதான் எனக்கு தைரியமே. இன்னும் கொஞ்சம் சத்தமா வைம்மா" என்றார்கள். நானும் பக்தியாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். ஈசன் பெயரைத் திரைச்சீலை மாதிரி இழுத்துவிட்டு, அதற்குப் பின்னால் புருஷனை ஒளித்து வைத்த பாவி நான்.

ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பயம் தாங்கவில்லை. கோயில் மூடி இருந்தது. கிரிவலத்துக்கும் தடை. மொட்டை மாடிக்குப் போனேன். எங்கள் மாடியில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். கற்பூரம் ஏற்றி வைத்துவிட்டுக் கையைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

"அப்பா, அவரைக் காப்பாத்து. எனக்கு ஒரு வழி காட்டு. கிரிவலம் திறந்ததும் ரெண்டு பேரும் வெறுங்கால்ல சுத்தி வர்றோம். ஆனா தெருவுல யாருக்கும் தெரியக் கூடாது."

அப்படியே வேண்டினேன், வார்த்தை மாறாமல். சாமிக்கே நிபந்தனை போட்டேன். காப்பாற்று, ஆனால் கதவைத் தட்டாமல் வா என்றேன். அழுதேன். கீழே இறங்கி வந்து பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

திங்கட்கிழமை காய்ச்சல் இறங்கியது. வேண்டுதல் பலித்துவிட்டது என்று நினைத்தேன். அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். ஆனால் கழிவறைக்குப் போய் வருவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. களைப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரும் "ஒண்ணும் இல்ல செல்வி, படுத்தே இருந்ததால" என்றார். இரண்டு பேருமாகச் சேர்ந்து பொய் சொல்லிக்கொண்டோம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. அன்றைய போன் கணக்கை முடிக்க வேண்டும். போன் போடுவதற்காகப் பாட்டை நிறுத்தினேன், விதி அப்படி. பட்டியலில் அடுத்த எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம், வயது ஐம்பதுக்குள், வேலை நர்ஸ். பதில் சொல்கிறவர் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்பதும் அந்த வேலையின் விதி. அதனால் இங்கேயும் நர்ஸம்மா என்றே சொல்கிறேன்.

"பேச நேரம் இருக்குதுங்களா மேடம்? இருபது நிமிஷம் ஆவும்" என்று கேட்டேன்.

"நேரத்துக்கு இன்னாம்மா கொறச்சல்? எனக்கே கொரோனா வந்து வூட்டுல தனியா படுத்திருக்கேன். நாலு நாளா சுவத்தைப் பாத்துட்டு இருக்கேன். கேளு கேளு."

கேட்டேன். தூக்கம் எப்படி என்றேன். "சுமாருன்னு போட்டுக்கோ" என்றார். பயம் இருக்கிறதா என்றேன். "இருக்கு. இல்லைன்னு சொன்னா பொய்யி" என்றார். ஒதுக்கி வைக்கிறார்களா என்ற கேள்வி வந்தது. எல்லாரும் சொல்கிற சேச்சேவை எதிர்பார்த்துக் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். "ஆமாம்மா. ஒதுக்கறாங்க. பிரசவம் பாத்த வூட்டுக்காரங்களே என்னைப் பாத்தா கதவைச் சாத்தறாங்க. எழுதிக்கோ" என்றார். விரலை நகர்த்தி "ஆம்" என்ற கட்டத்தைத் தொட்டேன்.

அடுத்த கேள்வியைப் படித்தேன். "உங்களுக்கு அவசரமாக ஓர் உதவி தேவைப்பட்டால், உடனே கூப்பிட ஒருவராவது இருக்கிறாரா?"

அப்போது உள் அறையில் ஏழுமலை இருமினார். பாட்டு இல்லை. மறைக்க எதுவும் இல்லை. அந்த இருமல் நிற்காமல் போயிற்று.

"யாரும்மா இருமறது?"

"அது... பக்கத்து வூட்டுல மேடம்."

"பக்கத்து வூட்டு இருமல் இவ்ளோ கிட்ட கேக்காது. இருபத்தஞ்சு வருஷமா இருமல் கேக்கறவ நான். எத்தினி நாளா?"

கண்ணில் தண்ணீர் கொட்டியது. என் கதையைச் சொல்லக் கூடாது, பதிவாகிறது, வேலை போய்விடும், எல்லாம் ஞாபகம் இருந்தது. "காய்ச்சல் வந்து ஆறு நாளாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. "போனைக் கொண்டு போயி அவரு வாய்கிட்ட வை. ஒரு மூச்சு நல்லா இழுத்து, நடுவுல விடாம ஒண்ணு ரெண்டுன்னு எண்ணச் சொல்லு" என்றார். அப்போதுதான் ஏழுமலை எண்ணினார். ஒன்பதில் நின்றது.

நர்ஸம்மாவின் குரல் மாறிவிட்டது. "இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போவணும். சாயங்காலம் பாத்துக்கலாம்னு இருக்காத. இப்பவே. வண்டி வர்ற வரைக்கும் குப்புறப் படுக்க வை. ஆம்புலன்ஸுக்கு அடிச்சிட்டுத் திரும்பக் கூப்பிடு."

அடித்தேன். வண்டிகள் எல்லாமே நோயாளிகளோடு ஓடிக்கொண்டிருந்தன, வரத் தாமதமாகும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்த மாதம் அப்படிப்பட்ட மாதம். நர்ஸம்மாவைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"வாசல்ல ஆட்டோ நிக்குது மேடம். ஓட்டறவருதான் படுத்திருக்காரு."

"தெருவுல ஓட்டத் தெரிஞ்சவங்க யாருமே இல்லியா?"

"இருக்காங்க. அவங்களைக் கேக்க முடியாது."

"ஏம்மா முடியாது?"

இதை உங்களிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். போன வருடம் தகரம் அடித்த வீடு என்றேனே, அது எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு. தையல்காரி ஜெயந்தி வீடு. அவள் புருஷன் சேகர் வேன் டிரைவர். சென்னைக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போய் வந்தவருக்குக் கொரோனா வந்தது. அவர்களுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. பால்காரர் தகரத்துக்கு மேலே கையை நீட்டிப் பால் பாக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் என் வாசலில் நின்றுகொண்டு, ஜெயந்திக்கும் கேட்கிற மாதிரி, "அந்த வூட்டுக்குக் குடுக்கறதா இருந்தா எங்க வூட்டுக்கு வராத. எங்க தெருவுக்கே வராத" என்றேன். மற்ற வீட்டுக்காரர்கள் தலையாட்டினார்கள். மறுநாளிலிருந்து அவர் அங்கே நிற்கவில்லை. அதற்குப் பிறகு ஜெயந்தியும் நானும் பேசிக்கொண்டதே இல்லை.

இதையெல்லாம் போனில் சொல்லவில்லை. "நான் அவங்களுக்குக் கெடுதல் பண்ணியிருக்கேன் மேடம்" என்று மட்டும் சொன்னேன்.

"பண்ணியிருப்ப. அதுக்கு இப்போ அவரு மூச்சு போவணுமா? மானம் போனா நாளைக்குத் திரும்பி வரும்மா. மூச்சு போனா வராது. எழுந்து போ."

எழுந்து போனேன். வாசல் தாழ்ப்பாளைத் திறந்தேன். வெயிலில் தெரு காலியாகக் கிடந்தது. நாலு நாளாகப் பாட்டு கேட்டுப் பழகிய தெரு, பாட்டு நின்றதால் இன்னும் அமைதியாகத் தெரிந்தது. நடுத் தெருவில் நின்று என் தொண்டை கிழியக் கத்தினேன்.

"எங்க வூட்டுக்காரருக்குக் கொரோனா! மூச்சு வுட முடியல! ஆட்டோ ஓட்ட யாராச்சும் வாங்க!"

இரண்டு ஜன்னல்கள் சாத்தும் சத்தம் கேட்டது. கோமதியம்மா வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே போனார்கள். நான் அவர்களைத் தப்பாக நினைக்கவில்லை. நானாக இருந்தால் கதவையும் சாத்தி, ஏதாவது பேசியும் இருப்பேன்.

மூன்றாவது வீட்டுக் கேட் திறந்தது. ஜெயந்தி நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. என்னைப் பார்த்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள், "அக்கா, அவரு குளிச்சிட்டு இருக்காரு. ரெண்டே நிமிஷம். ஆட்டோ சாவியை எடுத்து வையுங்க" என்றாள்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சேகர் ஈரத் தலையோடு, இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஜெயந்தி கையில் விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி இருந்தது. அவர்கள் கஷ்டப்பட்ட காலத்தில் வாங்கி வைத்தது. ஏழுமலை விரலில் மாட்டினாள். எண்பத்து நான்கு காட்டியது என்று பிறகுதான் தெரிந்தது; தொண்ணூற்று நாலுக்குக் குறையக் கூடாதாம். அவள் எண்ணை என்னிடம் சொல்லாமல் சேகரிடம் காட்டினாள். அவர் உடனே ஏழுமலையின் அக்குளுக்குள் தோளைக் கொடுத்துத் தூக்கினார்.

"உங்களுக்கும் ஒட்டிக்கப் போவுதுப்பா" என்றேன்.

"எங்களுக்கு ஒரு வாட்டி வந்துட்டுப் போயிடுச்சுக்கா. இன்னொரு வாட்டி வந்தா பாத்துக்கலாம். ஏறுங்க" என்றார்.

மருத்துவமனை வாசலில் ஆட்டோவிலேயே காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் எத்தனையோ பேர். சேகர் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார். நான் ஏழுமலையின் முதுகைத் தடவிக்கொண்டே, வாய்க்குள் நமசிவாய சொன்னேன். இந்தத் தடவை எதையும் மறைப்பதற்காகச் சொல்லவில்லை. நிபந்தனையும் போடவில்லை. மதியம் இரண்டு மணி வாக்கில் ஆக்சிஜன் படுக்கை கிடைத்தது. டாக்டர் என்னிடம், "இன்னும் ஒரு நாள் வீட்டுல வெச்சிருந்தா கஷ்டம்மா" என்றார். கஷ்டம் என்று அவர் எதைச் சொன்னார் என்பது எனக்குப் புரிந்தது.

பதினொரு நாள் ஆக்சிஜனில் இருந்தார். எனக்கும் டெஸ்டில் பாசிட்டிவ் வந்தது, லேசாகத்தான். வீட்டில் தனியாக இருந்தேன்.

தெரு என்ன செய்தது என்று கேட்பீர்கள். முதல் இரண்டு நாள் எங்கள் வீட்டைத் தாண்டுகிறவர்கள் எதிர்ப்பக்கமாக ஒதுங்கித்தான் போனார்கள். மூன்றாம் நாள் கோமதியம்மா மாடியிலிருந்து, "செல்வி, ரசம் வெச்சு கேட்டுல மாட்டியிருக்கேன், எடுத்துக்கோ" என்று குரல் கொடுத்தார்கள். அன்று சாயங்காலம் மெதுவாக இன்னொன்றும் சொன்னார்கள். அவர்கள் மகனுக்கும் ஒரு வாரமாகக் காய்ச்சலாம். என் பாட்டுச் சத்தத்தில் அவன் இருமலும் மறைந்துபோனதால்தான் சத்தமாக வைக்கச் சொன்னார்களாம்! எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாக வாய் திறந்தது. ஒரு வீட்டில் டிவியைக் கத்த விட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் மிக்ஸியை ஓட்டினார்களாம். ஒரே தெருவில், ஒரே வியாதியை, ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தோம். கோமதியம்மா மகனை மறுநாளே சேகர் அழைத்துப் போனார். எங்கள் தெருவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. எத்தனையோ தெருக்கள் இந்த வார்த்தையைச் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால் பெருமையாகச் சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்.

வேலை போகவில்லை. மேற்பார்வை பார்க்கும் தம்பி போன் செய்து, "அக்கா, அந்தப் பதிவை முழுசாக் கேட்டேன். ஆனா அந்த இன்டர்வியூ செல்லாதுக்கா, பாதியில நின்னுடுச்சு" என்றான். செல்லாவிட்டால் போகட்டும். நர்ஸம்மாவுக்கு நானாகவே போன் போட்டு, ஏழுமலை எழுந்து நடமாடுகிறார் என்று சொன்னேன். "எத்தினி வரைக்கும் எண்ணறாரு?" என்று கேட்டார். முப்பது என்றேன். "அப்போ சண்டை போட ஆரம்பிச்சிருப்பாரே" என்று சிரித்தார்.

கிரிவலம் மறுபடி திறந்த மாதம், வேண்டிக்கொண்டபடி இரண்டு பேரும் வெறுங்காலில் சுற்றி வந்தோம். வழியில் நான்கு இடத்தில் உட்கார்ந்தார். ஆனால் சுற்றி முடித்தார். கோபுரத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். என் நிபந்தனையை மதிக்காததற்காகத்தான் அண்ணாமலையாருக்கு முதல் நன்றி சொன்னேன். நான் எந்தக் கதவைத் திறக்காதே என்று கெஞ்சினேனோ அந்தக் கதவைத் திறக்க வைத்துத்தான் உதவியை உள்ளே அனுப்பினார். நான் கேட்டபடியே கொடுத்திருந்தால் நான் இன்றைக்குத் தனி ஆள்.

ஒன்று பாக்கி இருந்தது. பிரசாதத்தை எடுத்துக்கொண்டு ஜெயந்தி வீட்டுக்குப் போனேன். அவள் மெஷினில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். "ஜெயந்தி, அன்னிக்குப் பால் விஷயத்துல நான் பண்ணது..." என்று ஆரம்பித்தேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "பால் நின்ன நாள்லேர்ந்து தகரத்துக்குப் பின்னாடி நின்னு மலையைப் பாத்துட்டே இருப்பேன்க்கா. 'அப்பா, யாரையாச்சும் அனுப்பு. புள்ளைக்கு ஒரு டம்ளர் பால் குடுக்க யாரையாச்சும் அனுப்பு'ன்னு கேட்டுட்டே இருந்தேன். யாரும் வரல. சரி வுடுங்க. அத நெனச்சுதான் நீங்க கத்தினதும் ஓடி வந்தேன்."

அவள் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன்.

நம்முடைய வேண்டுதலை அண்ணாமலையார் கேட்கிறார். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை, என் புருஷன் மூச்சு விடுவதை நான் தினமும் பார்க்கிறேன். என் வேண்டுதலுக்கு ஜெயந்தியை அனுப்பினார். அவள் வந்தாள். அவள் வேண்டுதலையும் அவர் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். அவளுக்கும் யாரையோ அனுப்பியிருப்பார். மூன்று வீடு தள்ளி, பிரிட்ஜில் இரண்டு பாக்கெட் பாலோடு நான்தான் இருந்தேன். என்னைத்தான் அனுப்பினார். நான் போகவில்லை.

அதனால் என்னோடு கும்பிடுகிறவர்களே, கஷ்டம் வந்தால் பயப்படாமல் அவரிடம் கேளுங்கள், நிச்சயமாகக் கிடைக்கும். கேட்டுவிட்டு வாசல் கதவையும் திறந்து வையுங்கள். உங்களுக்கு எந்தக் கஷ்டமும் இல்லாத நாளில், உங்கள் தெருவில் வேறு யாரோ அவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு எழுந்து போங்கள்.